முதல் பரிசும் கடைசிக் கோழிக்காலும்

கூடியிருந்தவர்கள் மூவர். இடம், ஸ்டுடியோவின் முன்னறை. படக்காரர் நீலத் திரைக்கு முன்னாலிருந்த சுழல் ஸ்டூலில், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவரைப் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கணினி முன்னால், யாரோ ஒரு மணமகளின் கருவளையத்தை அழித்துக்கொண்டிருந்தாள். மனைவியின் அண்ணன், அதாவது படக்காரரின் மச்சான், முப்பது வருடம் அலுவலகக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர், மேசையில். அவர் முன்னால் பேனா, உறை, கோந்து, இந்த வரிசையில். மணி நாலேகால். எதிர்ச்சாரித் தபால் பெட்டியை ஐந்துக்குத் திறப்பார்கள்.

படக்காரர்: அதான் சொல்றேனே மச்சான்... கவர் மாறிப்போச்சு. யாரால மாறிச்சுன்னு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மனைவி: காலைலேருந்து அஞ்சாவது தடவை திறந்தாச்சு.

மச்சான்: இருங்க, வரிசையா வருவோம். கல்யாணத்துல எடுத்த படம் ஒண்ணு இயற்கைப் படப் போட்டிக்குப் போயிடுச்சு. போட்டிக்கு வச்சிருந்த மீன்கொத்தி, கல்யாண ஆல்பத்து நடுப்பக்கத்துல உட்கார்ந்திருக்கு. சரிதானே?

படக்காரர்: பொண்ணுக்கு அப்பா போன் பண்ணாரு. நான் செத்தேன்னு நினைச்சேன்.

மச்சான்: என்ன சொன்னாரு?

படக்காரர்: "வந்த கூட்டத்துலயே குறை சொல்லாம சாப்பிட்டுப் போனது இந்தப் பறவை ஒண்ணுதான், இருக்கட்டும்"னாரு.

மச்சான்: பெரிய மனுஷன். போன வருஷம் அந்தப் புது ஜோடியோட அருவிக்குப் போனீங்களே, அவங்க இப்படி விடலையே.

படக்காரர்: அருவி எவ்வளவு அழகா வந்திருந்தது...

மனைவி: வந்திருந்தது. ஜோடில ஒரு முழங்கைதான் வந்திருந்தது.

மச்சான்: சரி, போட்டிக்காரங்க கடிதம். தலைப்பு, "வேட்டை". முதல் பரிசு. படம் ஒரு மாசம் பெரிய மண்டபத்துச் சுவத்துல. எடுத்தவருக்கு ஒரு வாரம் காட்டுப் பயணம்.

படக்காரர்: பதினோரு வருஷம் மச்சான்... பதினோரு வருஷமா மான், மயில், மரவட்டைன்னு அனுப்பறேன். ஒரு ஆறுதல் பரிசு? "கிடைத்தது, நன்றி"ன்னு ஒரு வரி? இப்ப என் பேர் சுவத்துல வரப்போகுது.

மச்சான்: நடுவர் குறிப்பையும் படிச்சிடறேன். "இரையை அணுகும் கணத்தில் உடல் முழுதும் ஒரே எண்ணமாகக் குவிந்த முதிர்ந்த ஆண். பற்களின் இயல்பான பழுப்பு அப்படியே பதிவாகியுள்ளது."

படக்காரர்: பழுப்பு வரைக்கும் பார்த்திருக்காங்க!

மச்சான்: முதிர்ந்த ஆண் நான்தான்.

படக்காரர்: மச்சான், அவங்க குறையா எழுதல. கலைக்கண்ணோட...

மச்சான்: குறைன்னு நான் சொன்னேனா? உங்க கூட விளக்கு ஸ்டாண்டைத் தூக்கிட்டு வந்ததுக்கு ஒரு வேளை சாப்பாடு. தட்டுல இருந்தது கடைசிக் கோழிக்கால். எதிர் வரிசைல ஒருத்தன் கையை நீட்டிட்டான். அந்த நேரத்துல முகம் வேற எப்படி இருக்கும்?

மனைவி: முகத்துக்கு என்ன அண்ணா, ஜோராத்தான் இருந்தது.

மச்சான்: மூணு கேள்வி கேட்டிருக்காங்க. ஒண்ணு, எடுத்தவர் பேர். ரெண்டு, எவ்வளவு நேரம் காத்திருந்து எடுத்தது. மூணு, படத்துக்காக உயிரினத்துக்கு இரை வைக்கல, சீண்டலன்னு உறுதிமொழி. ஒண்ணைக் கடைசில பார்ப்போம். சுலபமானது எங்க ஓடிடப்போகுது?

படக்காரர்: ரெண்டுக்கு எழுதுங்க, மூணு மணி நேரம். அசையாம.

மச்சான்: அது மீன்கொத்திக்குன்னு போன வாரம் சொன்னீங்க.

படக்காரர்: ஆமா... கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி குளத்தங்கரைல. பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும். கண்ணைச் சிமிட்டல மச்சான். அந்தப் பழுப்புப் பாறை மேல அது வந்து உட்காரும்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பேரு பொறுமை.

மச்சான்: கோழிக்கால் படத்துல நேரம் பதிவாகியிருக்குமே பாப்பா?

மனைவி: பன்னிரண்டேகால்.

மச்சான்: அப்ப குளத்தங்கரைல இருந்துக்கிட்டே சாப்பாட்டுக் கூடத்துலயும்...

படக்காரர்: நடுவுல ஒரு எட்டு வந்துட்டுப் போனேன்.

மச்சான்: கண்ணைச் சிமிட்டாம.

படக்காரர்: அலுவலக விசாரணை மாதிரி கேட்கறீங்க மச்சான்.

மச்சான்: பழக்கதோஷம். சரி, ரெண்டுக்கு நான் எழுதறது இதுதான். "எடுத்தவர் காத்திருந்தது இரண்டு நிமிடம். உயிரினம் காத்திருந்தது ஒன்றரை மணி நேரம்." மூணு. "இரை வைத்தவர்கள் பெண் வீட்டார். சீண்டியவர் பரிமாறியவர், இரண்டு முறை தட்டைக் காட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்."

படக்காரர்: இதையெல்லாமா எழுதுவாங்க? பரிசைப் பிடுங்கிக்கப் போறாங்க.

மச்சான்: பொய் எழுதினா பிடுங்குவாங்க. இனி ஒண்ணு. மாப்பிள்ளை, எடுக்கறப்ப நான் கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். என்ன வார்த்தை?

படக்காரர்: கேமராவைப் பார்த்தா?

மச்சான்: நேரா பார்த்து.

படக்காரர்: கூட்டம்... பாட்டுச் சத்தம்... "நல்லா எடுங்க மாப்பிள்ளை"ன்னு சொன்ன மாதிரி...

மச்சான்: பாப்பா?

மனைவி: "அண்ணிகிட்ட சொல்லிடாதே பாப்பா, டாக்டர் கோழி கூடாதுன்னிருக்காரு."

மச்சான்: எழுதிட்டேன். முகவரி இதேதானே. இந்தா, கீழே கையெழுத்துப் போடு.

படக்காரர்: அவ எதுக்கு... சாட்சிக்கா?

மச்சான்: சாட்சி நான். எதிர்ல உட்கார்ந்து மென்னுக்கிட்டே பார்த்தவன். அந்தக் கோந்தை இப்படித் தள்ளுங்க.

படக்காரர்: மச்சான், ஒட்டாதீங்க. ஒரு நிமிஷம்... ஸ்டுடியோ பேரையாவது...

மச்சான்: உறைக்குப் பின்னாடி அனுப்புநர் முகவரில இருக்கு, பாருங்க. பெரிய எழுத்துல.

படக்காரர்: பதினோரு வருஷம்...

மச்சான்: ஒட்டியாச்சு. ஸ்டாம்பும் ஆச்சு. ஓடு பாப்பா, அஞ்சாகப் போகுது.

மனைவி: செருப்பு எங்க... ஆங். இதோ வந்துட்டேன்.

படக்காரர்: நீங்க அவ பக்கம்.

மச்சான்: நான் கோழிக்கால் பக்கம். காட்டுக்கு அவ போயிட்டு வரட்டும். அந்த வாரத்துல ரெண்டு கல்யாணம் இருக்கு, நீங்க எடுங்க. பறவை வந்தா உள்ள கூப்பிட்டு உட்கார வச்சு எடுங்க.

படக்காரர்: சிரிங்க. சரி, அது அவ எடுத்ததுதான். ஒத்துக்கறேன், போதுமா? ஆனா மீன்கொத்தி என்னுது மச்சான். அவ கவரை மாத்தாம இருந்திருந்தா இந்நேரம் அதுதான் சுவத்துல ஏறியிருக்கும். அந்தப் பறவை, அந்தத் தண்ணி, அந்தப் பாறை...

மச்சான்: அதோ வரா, அவகிட்டயே சொல்லுங்க.

மனைவி: போட்டாச்சு அண்ணா. பெட்டியைத் திறக்கற ஆள் வந்துட்டாரு, அவர் கையிலயே கொடுத்துட்டேன். என்ன, என் தலை மறைஞ்சதும் பேச்சு பலமா இருக்கு?

மச்சான்: நீ கவரை மாத்திட்டியாம். அந்தப் பாறைக்காகவே மீன்கொத்திக்குப் பரிசு வந்திருக்குமாம்.

மனைவி: கவர் மாறலங்க. ரெண்டும் நான் எடுத்ததுதான், எதை எங்க அனுப்பணும்னு எனக்குத் தெரியாதா? சாப்பிடக் கூப்பிடலாம்னு குளத்தங்கரைக்கு வந்தேன், நீங்க குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. அப்புறம் கேமரா கார்டைப் பார்த்துட்டு "நான் எடுத்தது"ன்னீங்க, போகட்டும்னு விட்டேன். அந்தப் பழுப்புப் பாறையைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க... அது உங்க தொப்பி.