முறை மச்சான் கையில் கொடுக்க முடியாதது

— மருந்து குடுக்க முடியாது ரெங்கம்மா. ஒன் தங்கச்சி பாக்கியம் குடுத்த டப்பாவ நானே பூதக்கண்ணாடியில வச்சுப் பாத்தேன். புழு முட்டை ஒண்ணுகூட இல்ல. வயித்துல புழு இல்லாதவளுக்கு அந்த மருந்தெண்ணெய் வெஷம்.

— பாக்கியம் நேத்து கொழுந்துக் கூடையோட மலையில விழுந்தா மச்சான். ஒதடெல்லாம் வெளுத்துக் கெடக்கு. செவுத்து மண்ணச் சொரண்டித் திங்கிறா.

— எனக்கும் அவளப் பாத்தா சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா டப்பா அப்படிச் சொல்லலையே. இந்த லயத்து வீடுகள்ல ஆம்பளைங்க டப்பா பூராம் முட்டை. பொம்பளைங்க டப்பா மட்டும் சுத்தம்.

— சுத்தமா?

— கழுவித் தொடச்ச மாதிரி. தோட்டத்து வெள்ளக்காரத் தொரைக்கு ரொம்ப சந்தோசம். மருந்து குடிச்சா அன்னைக்கு வேலைக்குப் போக முடியாதுல்ல. பொம்பளைங்க லயத்துல படுத்துக்கிட்டா கொழுந்து யார் எடுக்குறதுன்னு பயந்துக்கிட்டே இருந்தாரு. நேத்து பங்களாவுல என்னைய நாற்காலியில ஒக்கார வச்சு டீ குடுத்தாரு.

— எங்க மாமா பெரிய கங்காணி. அவரே அங்க வாசப்படிக்குக் கீழ நின்னுதான் பேசுவாரு.

— அப்பா நிக்கிற எடத்துல நான் ஒக்காந்தேன் புள்ள. கொழும்புல டாக்டருக்குப் படிச்சப்ப வராத நாற்காலி, லண்டனுக்குப் போய் மேல்படிப்புப் படிக்கவும் வந்திருக்கு.

— அப்ப மிச்ச மருந்த என்ன பண்ணுவீங்க?

— நாளைக்குக் காலையில வண்டியில பதுளைக்குத் திருப்பி அனுப்புறாரு. அங்கேருந்து வேற தோட்டத்துக்குப் போயிரும்.

— நாளைக்கேவா?

— ஏன் மொகம் ஒரு மாதிரியாப் போகுது?

— கேளுங்க மச்சான். அது எங்களோடது இல்ல.

— எது?

— டப்பாவுல இருந்தது. பொம்பளைங்க குடுத்தது ஒண்ணுகூட எங்களோடது இல்ல.

— வெளையாடாத.

— இதுலயா வெளையாடுவேன்? விடிகாலைப் பெரட்டுல, வேலைக்கு ஆளு எண்ணுறப்ப, அத்தன ஆம்பளைங்க நிக்கையில, டப்பாவத் தூக்கிக் காட்டுனீங்க. நாளைக்கு இதுல வெளிக்கிப் போய்க் கொண்டாந்து என் கையில குடுங்கன்னீங்க. ஒவ்வொருத்தி பேராச் சொல்லிக் கூப்பிட்டீங்க.

— வேற ஆளு வாங்குனா செல்லாது. நானே கையால வாங்கணும்னுதான் லண்டன் படிப்புல சட்டம்.

— மாமா திருச்சிப் பக்கத்துலேருந்து கூட்டியாந்த சனம் பூராம் சொந்தக்காரங்க. சித்தி, மதினி, கொழுந்தியான்னு ஒங்களுக்கு மொறை ஆகாத பொம்பளை இந்த லயத்துல யாரு? வெள்ளக்காரன் கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டுக் குடுத்திருப்பாளுங்க.

— நான் அங்க டாக்டரா நின்னேன்.

— கருப்பம்மா சித்தி ஒங்களுக்குச் சின்னதுல கழுவி விட்டவ. இப்ப அவ ஒங்ககிட்டக் கொண்டாந்து நீட்டணுமாக்கும்.

— சரி. அப்ப டப்பாவுல இருந்தது யாரோடது?

— அத விடுங்களேன்.

— எல்லாம் ஒரே ஆளோடதா?

— ஒரே ஆளுதான். ஒரு நாளுல பத்தல. அதுக்குத்தான் ஒங்ககிட்டத் தவணை கேட்டோம்.

— யாரு, ரெங்கம்மா?

— பங்களாவுல கக்கூஸ் வாளி எடுக்குறவளுக்கு வெத்தலை பொகையிலை வாங்கிக் குடுத்தோம்.

— தொரையோடதா?

— அந்தத் தொரையோடதுதான்.

— எல்லா டப்பாவுலயுமா?

— நான்தான் பங்கு வச்சேன்.

— சிரிக்காத.

— நான் சிரிக்கல மச்சான். எனக்கு நிமுந்து பாக்க முடியல.

— நேத்து அவரு எதுக்க ஒக்காந்து, ஒங்க தோட்டத்துப் பொம்பளைங்க வயிறு வெள்ளக்காரங்க வயிறு மாதிரி இருக்குன்னு சொன்னேன். அவரு டீயக் குடிச்சுக்கிட்டே சொன்னேன். லண்டன்ல இருக்குற புரொபெசருக்கும் அப்படியே எழுதிப் போட்டுட்டேன்.

— தொரைகிட்டச் சொல்லிராதீங்க. வாளிக்காரிய அன்னைக்கே தோட்டத்த விட்டு வெரட்டிருவாங்க.

— அவ பேரு வராது. நான் டப்பாவ மாத்தி வச்சுட்டேன், தப்பு என்னோடதுன்னு சொல்லிக்கிறேன். நாற்காலி போகும். பரீட்சையும் போனாலும் போகும். ஆனா சும்மா வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு. இருட்டுறதுக்குள்ள புது டப்பா வேணும். அவரு கண்ணாலயே முட்டையப் பாக்கணும்.

— பதுளை ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிஸ்பென்சர வரச் சொல்லுங்க. அவரு அந்நிய ஆளு. வாங்கிட்டுப் போகட்டும்.

— அவரு வாரதுக்குள்ள மருந்து வண்டி போயிரும்.

— நான் இங்க வாரதுக்கு முந்தியே லயத்துல ஒவ்வொரு வீட்டுக் காம்பராவா ஏறி எறங்கி, இப்பவாச்சும் ஒங்களோடதக் குடுங்கடின்னு கேட்டேன். நீ மொதல்ல குடு, அப்புறம் நாங்க குடுக்குறோம்னு சொல்றாளுங்க. பாக்கியமும் அதையேதான் சொல்றா. ஒங்களக் கட்டிக்கப் போற நானே ஒளிச்சா மத்தவ எப்படிக் குடுப்பாங்கிறா.

— அப்ப நீ குடேன்.

— எவ்வளவு லேசாச் சொல்றீங்க.

— லேசு இல்லன்னு எனக்குத் தெரியும். லண்டன்ல மொத வாரம் வகுப்புல, கண்ணாடியில பாத்துப் பழகணும், அவனவன் தன் டப்பாவக் கொண்டாங்கன்னு சொல்லிட்டாங்க. வெள்ளக்காரப் பயலுக நடுவுல நான் ஒருத்தன், கோட்டும் சப்பாத்துமா. எல்லார் டப்பாவும் சுத்தம்.

— ஒங்களோடது?

— முட்டையா மெதந்துச்சு. லீவுக்கு இங்க வாரப்பெல்லாம் வெறுங்காலோட தான நடந்தேன். புரொபெசருக்கு சந்தோசம் தாங்கல. இந்த வகுப்புக்கு நல்ல அதிர்ஷ்டம்னாரு. ஒவ்வொருத்தனா வரிசையில வந்து என் டப்பாவக் குனிஞ்சு பாத்தான். ஒருத்தன் எனக்குக் கை குடுத்தான்.

— நீங்க எங்க இருந்தீங்க?

— பக்கத்துலயே நின்னேன். விளக்கம் சொல்றப்ப என்னைய நிக்கச் சொன்னாங்க. தங்கியிருந்த வீட்டுல ஒரு கூட்டாளி போய்ச் சொல்லிட்டான். அந்த வீட்டுக்காரம்மா அப்புறம் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் தனிப் பீங்கான் வச்சா.

— தனிப் பீங்கானா? பெரிய கங்காணி மகனுக்கா?

— எனக்குத்தான். அத நானே கழுவி, நானே தனியா எடுத்து வைக்கணும்.

— மாமாவுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. மகன் லண்டன்ல படிக்கிறான்னு அவரு ஹல்துமுல்லை வரைக்கும் சொல்லிட்டுத் திரியிறாரு. நான் அங்க மருந்தக் குடிச்சேன். மறுநாள் வகுப்புக்குப் போனேன். அவ்வளவுதான் புள்ள. வெக்கம் வயித்தால போற மாதிரி, போயிரும்.

— போகல. ஒங்க காது செவந்திருக்கு.

— ரெங்கம்மா.

— கேளுங்க மச்சான். அங்க வரிசையில நின்னு பாத்தவங்கள்ல ஒங்களக் கட்டிக்கப் போறவ யாரும் இல்ல. தை பொறந்தா ஒங்க அம்மா வெத்தலை பாக்கோட எங்க வீட்டுக்கு வாராங்க. நீங்க கப்பல்ல திரும்பிப் போறதுக்குள்ள முடிச்சிரணும்னு பேசிக்கிறாங்க.

— வரட்டும். அது வேற, இது வேற.

— ஆம்பளைக்கு வேற. நீங்க மலைப்பக்கம் வாரீங்கன்னு தெரிஞ்சாலே நான் இடுப்புல கட்டியிருக்குற சாக்குப் படங்க அவுத்து ஒளிச்சிருவேன். சேறு பட்டிருக்குமேன்னு.

— வேணும்னா நான் கண்ண மூடிக்கிறேன்.

— கண்ண மூடிக்கிட்டுக் கண்ணாடியில என்னத்தப் பாப்பீங்க? சும்மா இருங்க. ஒரு டப்பா குடுங்க.

— நெசமாவா?

— குடுத்துட்டு இங்கயே இருங்க. பின்னால வராதீங்க.

— ஒரு மணி நேரமாச்சு ரெங்கம்மா. வெளிச்சம் போகுது. வர மாட்டேன்னு நெனச்சேன்.

— கைய நீட்டுங்க, டாக்டரய்யா.

— டாக்டரய்யாவா? இது என்ன புதுப் பேச்சு?

— பேர எழுதிக்கிருங்க. ரெங்கம்மா. இது என்னோடதுதான்.

— எனக்கு இதனால ஒண்ணும் மாறாது. சத்தியமாச் சொல்றேன். நான் அப்படி நெனைக்க மாட்டேன்.

— நீங்க நெனைக்க மாட்டீங்க. நான் நெனப்பேன். ஒங்களுக்குச் சோறு போடுறப்பெல்லாம் நெனப்பேன். தை மாசம் அம்மாவ வர வேணாம்னு சொல்லிருங்க.

— புள்ள...

— பாக்கியம் எனக்குப் பின்னால நிக்கிறா. அவளுக்குப் பின்னால லயமே நிக்குது. வாங்கி வச்சுட்டு அடுத்த ஆளக் கூப்பிடுங்க, டாக்டரய்யா.