ஆல்டர் ஆற்றுப் பாலத்தின் குரல் கேட்டவருக்கு

முப்பத்தோரு பனிக்காலம் பாலங்களைப் பார்த்துப் பார்த்துக் காத்த பண்பாளரே! சங்கிலி இழுத்தே சத்தியம் சொன்ன சான்றோரே! இன்று பணி ஓய்வு பெறும் அம்மையீர் ஐலா கோர்ப்பெலா அவர்களே! வணக்கம்.

வாழ்த்தத்தான் வந்தோம், வயிற்றெரிச்சலோடு வந்தோம். மேடையில் வீற்றிருக்கும் எங்கள் சாலைத்துறைத் தலைவர் ட்ரூடெல் பொறுத்தருள்க, பொறுக்காவிட்டாலும் வாசிப்போம்.

பனி விழுந்தால், காலைக் காப்பி குடிப்பதற்குள் சாலை கறுப்பாய்த் தெரிய வேண்டும் என்பது இவ்வூரார் கட்டளை. லாரி லாரியாக உப்பைக் கொட்டினோம். கொட்டிய கைகள் எங்கள் கைகளே, மறுக்கவில்லை. பனி உருகியது, உப்புநீர் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்றது, துரு பருத்தது, தளம் பிளந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியோர். பாலத்துக்கு உப்பிட்டவரை என்ன செய்யச் சொன்னார்களோ!

ஆண்டுதோறும் மே மாதம் தளத்தின்மேல் சங்கிலியை இழுத்து நடந்தீர்கள். நல்ல கான்கிரீட் கணீரென்றது; கெட்டது வெறும்பானை போல் டொக்கென்றது. அங்கெல்லாம் சிவப்பு வட்டமிட்டீர்கள். சென்ற ஆண்டு ஆல்டர் ஆற்றுப் பாலத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பாதித் தளம் சிவந்தது. மூடுங்கள் என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

தலைவர் என்ன செய்தார்? ஜூலை நான்காம் நாள் சுதந்திர தின ஊர்வலத்துக்கு அழகாக இருக்கட்டுமென்று மேலே தார் ஊற்றினார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்!

"மேல பளபளன்னுதானே இருக்கு, இன்னும் என்ன ஐலா?" என்றார்.

"தாருக்கு அடியில உப்புத்தண்ணி வெளிய வர வழியில்லாம நிக்குது. பள்ளிக்கூட பஸ் தெனமும் அது மேலதான் போகுது. ஆத்துல விழுந்தாத்தான் நம்புவீங்களா?" என்றீர்கள்.

இவ்வாண்டு படகில் பாலத்தின் அடியில் போய்ச் சுத்தியலால் தட்டினீர்கள். ஒரு கான்கிரீட் துண்டு உதிர்ந்து மடியில் விழுந்தது. அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தீர்கள். காகிதம் பறக்காமலிருக்க அதைப் பயன்படுத்திக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஓய்வு பெறுவோருக்கு வழக்கமாகக் கொடுக்கும் கடிகாரத்தைத் தங்களுக்கு வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்று காலை பதினெட்டுப் பேரும் போய்ப் பாலத்தின் இரு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டோம். தங்கள் அறிக்கையின் நகலை அதில் ஒட்டியிருக்கிறோம். வேலை போனால் போகட்டும்.

அம்மையீர், நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! ஏரிக்கரை வீட்டில் இனியாவது கவலையின்றிக் கண்ணுறங்குக!

தலைவரே, வீட்டுக்குச் சுற்றுவழியாகப் போங்கள். இருபத்திரண்டு மைல்.

உப்புக் கொட்டிய கைகளால் ஒப்பமிடும்,
சாலைப் பணிமனையார் பதினெட்டுப் பேர்