ஒத்தை ஓட்டு

— உட்காரச் சொல்ல மாட்டியா, ஓரின்?

— யாரும் உட்கார்ந்து நாளாச்சு. தூசியைத் தட்டிட்டு உட்காரு மச்சான்.

— சொன்னாக் கேளு, நான் சண்டைக்கு வரல. வெளிய வண்டி நிக்குது. கோட்டை மாட்டு, போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடலாம். ஜனாதிபதிக்கு நிக்கிற கிராண்ட் பேரு அச்சடிச்ச ஓட்டுச் சீட்டைக் கையோட கொண்டு வந்திருக்கேன்.

— என் ஓட்டு மேல ஊருக்கு என்ன திடீர்ப் பாசம்?

— ஊருக்கு இல்ல, எனக்கு. நேத்து உன் பட்டிப் பக்கமா வந்தேன். நீ ஒரு கிடாகிட்ட நின்னு, இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும்னு சொல்லிக்கிட்டிருந்தே.

— அது நல்லாக் கேட்டுக்கும். குறுக்கப் பேசாது, உன்ன மாதிரி.

— விளையாடாதேடா. என் தங்கச்சி புருஷன் ஆட்டோட பேசுறான்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

— உன் தங்கச்சியை அடக்கம் பண்ணினப்ப வேலிக்கு வெளியவே நின்னியே லெமுவேல். அன்னிக்குத் தூக்கம் வந்துச்சா?

— அதைக் கிளறாதே.

— சரி, இருக்கட்டும். நான் என்ன செய்யணும்?

— பெட்டிகிட்ட நின்னு சீட்டை எல்லாருக்கும் விரிச்சுக் காட்டு. "போன தடவை புத்தி கெட்டுப் போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். போதகர்கிட்டயும் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை என் பெஞ்சுலயே உட்காரலாம். உன் ஆட்டு ரோமம் கத்தரிக்க மறுபடி ஆள் வரும். வீட்ல உனக்காக பீன்ஸும் பன்னிக்கறியும் அடுப்புல ஏத்தியாச்சு.

— மேப்பிள் பாகு ஊத்தியா?

— பின்ன? பாகு இல்லாம பீன்ஸா?

— மச்சான், ஒருத்தர் வீட்டு மேசையில உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா? ஆசையா இருக்கு, மறைக்கல. சீட்டைக் காட்டுறேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்.

— என்னடா வீம்பு இது? வெர்மான்ட்டே லிங்கன் பக்கம் நின்னுச்சு. எதிர்க்கட்சிக்காரன் வீடு வீடா வந்து அவன் சீட்டை நீட்டினான். நாங்கள்லாம் வாங்கி அடுப்புல போட்டோம். எண்ணிப் பார்த்தா அந்தச் சீட்டு ஒண்ணே ஒண்ணு. யாருதுன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்க்கிறான். நீயே எந்திரிச்சு "என்னுது"ன்னே!

— பெட்டியில போட்டது நான்தானே.

— உன் மகன் ஏனோக் அப்ப போர்க்களத்துல நிக்கிறான்! சண்டையைப் பாதியில விட்டுட்டு வாங்கன்னு சொன்னவனுக்கு, பெத்த அப்பனே ஓட்டுப் போட்டா ஊரு என்ன சொல்லும்? அந்தப் பிள்ளை குண்டு பட்டுச் செத்தப்போ, எல்லாரும் உன்னைத்தான் பார்த்தாங்க.

— பார்த்திருந்தாப் பரவாயில்லையே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. உன் தங்கச்சி மெர்சி ஜன்னல்ல நின்னு, யாராவது துக்கம் கேக்க வருவாங்களான்னு பார்த்தா. முக்கியமா நீ வருவியான்னு பார்த்தா. பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தா.

— அதுக்குக் காரணமே நீதானே! அவளுக்காகவாவது தப்புன்னு ஒரு தடவை சொல்லேன்.

— அவளுக்காகத்தான் சொல்லல.

— உன்னோட பேசினா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். கிளம்பு, மழை வருது. சீட்டு நனைஞ்சுடும், உன் கோட்டுப் பையில வைக்கிறேன்.

— பையில வைக்காதே. கையில குடு. இனிமே பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன்.

— என்மேலயே சந்தேகமா?

— உன்மேல இல்ல. அன்னிக்குக் காலையிலயும் மழை. உன் தங்கச்சிதான் கோட்டைத் தட்டிக் குடுத்தா. "லிங்கன் சீட்டை மடிச்சுப் பையில வச்சிருக்கேன்"னு சொன்னா. நான் பிரிச்சுப் பார்க்காம அப்படியே போட்டேன்.

— ஓரின்... நீ என்ன சொல்றே?

— எண்ணும்போது அவ மடிச்ச மடிப்பைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. கடைசி வரைக்கும் நானும் கேக்கல, அவளும் சொல்லல. பெத்த பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட மெர்சிக்கு வேற வழி தெரியல மச்சான்.