ஒன்பது அடி

எனக்குக் கணக்கு வராது. எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் வகுத்தல் வசப்படவில்லை. அதனால்தான் என் பேத்தி தென்றல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயன்பாட்டுக் கணிதமும் இயற்பியலும் படிக்கச் சேர்ந்தபோது, எங்கள் ஊர் கோரமண்டல் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பாடத்தின் பெயரைத் தடுக்காமல் சொல்லவே ஒரு வாரம் பழகினேன்.

நான் தங்கச் சுரங்கத்தில் வைண்டர் டிரைவராக இருந்தவன். மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து, ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, கயிற்றில் இறக்கி ஏற்றும் வேலை. கயிறு சுற்றிய டிரம்மில் ஒரு வெள்ளைக் குறி இருக்கும். அது எதிரே வந்தால் கேஜ் அடியைத் தொடப்போகிறது என்று பொருள். புதுக் கயிறு சில நாள் நீளும். தினமும் வெறும் கேஜை இறக்கிப் பார்த்துக் குறியை மாற்றிப் போடவேண்டும். அது கற்றுக்குட்டிகளுக்கு என்பது என் எண்ணம். என் கைக்கே ஆழம் தெரியும் என்று சொல்லிக்கொள்வேன்.

எண்பத்து மூன்றில், புதுக் கயிறு மாட்டிய நான்காம் நாள், கேஜ் அடியில் மோதியது. இருவர் இறந்தார்கள். கேஜில் ஆள் இறங்கினால் எனக்கு மூன்று பெல் அடிப்பார்கள், சரக்கு என்றால் இரண்டு. பெல்காரர் மரியகுழந்தை இரண்டுதான் அடித்தார், அதனால் சரக்குக்கு உரிய அதிக வேகத்தில் விட்டேன் என்று விசாரணையில் சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று. எனக்கு அடுத்த வருடம் நீண்ட சேவைக்கான மாலை விழுந்தது.

கயிற்றில் இறங்கும் எடையின் இயக்கம்தான் தென்றலின் ஆய்வு. எண்கள் கேட்டாள். ஆழம், கேஜ் மோதிய தேதி, அன்று அது இறங்க எடுத்த நேரம் எல்லாவற்றையும் நானே கொட்டினேன். "செகண்டு சுத்தமா ஞாபகம் இருக்கு, எழுதிக்க" என்று மீசையை வேறு தடவினேன். தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்லி, அதற்குக் காபியும் ஊற்றிக்கொடுத்த முட்டாள் நான் ஒருவன்தான்.

ஒரு மாதம் கழித்து வந்தாள்.

"தாத்தா, நீங்க சொன்ன நேரத்துக்குக் கேஜ் ஆள் வேகத்துலதான் எறங்கிக்கிது. மூணு பெல் கேக்காம அப்படி விட்டுருக்க மாட்டீங்க."

"அதுக்கு இன்னா இப்போ?"

"கயிறு ஒம்பது அடி நீண்டுக்கிது. குறிய மாத்துனீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்குக் குறி?"

"அதத்தான் எழுதிக்கிறேன். உங்க பேரு போடல, டிரைவர்னுதான் போட்டுக்கிறேன். ஆண்டர்சன்பேட்டைல ஈவ்லின் ஆன்ட்டிக்கு ஒரு காப்பி தரணும். அவங்க அப்பா மேல தப்பில்லன்னு தெரியட்டும்."

ஈவ்லின் மரியகுழந்தையின் மகள். அந்த டிரைவர் யார் என்று தெரியாத ஆள் இந்த ஊரில் இல்லை.

சரிபார்த்துத் தருகிறேன் என்று அவளுடைய குறிப்பு நோட்டை வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈரம் இல்லாத நோட்டு, நன்றாக எரிந்தது. பிறகு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன்: நான் யாருக்கும் எந்த எண்ணும் சொல்லவில்லை.

கூப்பிட்டார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு ரயிலில் போனேன். எதிரே தென்றல் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவரே, இந்த எண்கள் நீங்கள் கொடுத்தவைதானே?" என்றார் ஒரு பேராசிரியர்.

"எட்டாவது பெயிலு சார். செகண்டு கணக்கெல்லாம் எனக்கு எங்க வரும்?"

சிரித்தார்கள். கணக்கு வராதது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் எனக்குப் பயன்பட்டது. எண்களை இட்டுக்கட்டியவள் என்று அவளை நீக்கினார்கள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஈவ்லினுக்குக் காப்பி போகவில்லை. பௌர்ணமிதோறும் எங்கள் பௌத்த விகாரையில் பஞ்சசீலம் ஏற்கும்போது பொய் சொல்ல மாட்டேன் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொல்கிறேன், குரல் நடுங்குவதில்லை. தென்றல் என்னோடு பேசுவதில்லை. பொய்க் கணக்கு எழுதியவள் என்று பேர் வாங்கிய பெண், தாத்தாவின் முகத்தைப் பார்க்கக் கூசுவாள்தானே. நான் அவளை மன்னித்து வெகுநாளாகிறது.