முப்பத்தோராம் நாள் மட்ச்

போனைக் கீழ வையுங்கோ அண்ணை. சொல்லுறன் எல்லே, கீழ வையுங்கோ. அமராவதி மாமியின்ர முகத்துக்கு நேர அதைப் பிடிச்சுக்கொண்டு, உங்கட மகன் டுபாயில ஊசி போட்டவரா அம்மா எண்டு கேட்டது நீங்கள்தானே? ஓம், நான் கிணத்தடியில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். மகன் செத்து இண்டைக்கு முப்பத்தொரு நாள். அவா படையலுக்குச் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவா. உங்கட கேள்வியைக் கேட்டுட்டு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவா, இன்னும் திறக்கேல்லை. ஐயர் வந்து குந்தி இருக்கிறார். மாமியின்ர மனிசன் முத்துலிங்கம் மாமா கதவுக்கு வெளியில நிண்டு அமரா, அமரா எண்டு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் இஞ்ச கிரவுண்டுக்கு வந்து அவற்ற நினைவு மட்ச்சை உங்கட சனலுக்குப் படம் எடுக்கிறியள். வெக்கமில்லையோ?

நான் ஆரோ? சதீஸ். பதினேழு. ஓ.எல். எழுதிப்போட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டிட்டன். ஏன் விட்டனான் எண்டது உங்களுக்குத் தேவையில்லாத கதை. மாமியின்ர மகன் பிரதீபன் அண்ணை லீவில வரேக்க அவர் எறியிற பந்தைப் பிடிக்கிறவன் நான். அஞ்சு வருஷம். இந்த விரலைப் பாருங்கோ, மடங்காது. அவற்ற பந்து பட்டு உடைஞ்சது. பிறகும் அடுத்த கிழமை போய் நிண்டனான்.

இல்லை, விரலைப் படம் எடுக்க வேண்டாம். உங்களுக்குச் சொன்னா விளங்காதோ?

அந்தப் பனரைப் பாத்தனீங்களோ? டுபாயில பேஸ்போல் விளையாடிச் சம்பளம் வாங்கின மனிசன்ர கையில கிரிக்கெட் மட்டையைக் குடுத்து வைச்சிருக்கினம். வவுனியாவில பனர் அடிக்கிறவன்ர கொம்பியூட்டரில அதுதான் இருந்ததாம். அவர் மட்டைக்காரனே இல்லை, பந்து எறியிறவர். கழகத் தலைவர் கணபதி ஐயாட்டைப் போய்ச் சொன்னனான். விடடா தம்பி, ரெண்டிலயும் பந்து இருக்குத்தானே எண்டார். ரெண்டிலயும் பந்து இருக்காம்! அவர் செத்தா கையில சுளகைக் குடுத்துப் பனர் அடிப்பன், மட்டையும் சுளகும் ரெண்டும் கையில பிடிக்கிறதுதானே.

சிரிக்காதேங்கோ. உங்களைச் சிரிக்க வைக்க இதைச் சொல்லேல்லை.

கீழ என்ன எழுதியிருக்கு? மண்ணின் மைந்தன். ஆற்ற மண்? முத்துலிங்கம் மாமாவின்ர ஆக்கள் எழுபத்தேழு கலவரத்தோட மலைநாட்டில இருந்து ஓடி வந்தவை. எங்கட ஆக்களும் அப்பிடித்தான். இந்தக் கனகராயன்குளத்தில காடு வெட்டி, மலேரியா வந்து செத்து, மிச்சம் இருந்ததுதான் நாங்கள். பிரதீபன் அண்ணை பள்ளிக்கூட ரீமில சேரேக்க, தோட்டக்காட்டுப் பெடியன் கப்டனோ எண்டு கேட்ட வாய்தான் இப்ப மைக்கில மண்ணின் மைந்தன் எண்டு கத்துது. கேக்குதோ? அதே வாய். பேர் வேண்டாம். அந்தாள் உங்களுக்குத் தேத்தண்ணி தந்த ஆள்.

சரி, ஊசிக் கதைக்கு வாறன். ஆர் உங்களுக்குச் சொன்னது? ஊரில கதைக்கினமோ? ஊரில என்னதான் கதைக்கேல்லை. இருவத்து மூண்டு வயசு, ஆறடி, தூண் மாதிரி உடம்பு, நாலு நாள் காய்ச்சலில எப்பிடிச் சாவான், வெளிநாட்டில என்னத்தையோ ஏத்தி விட்டவங்கள். இதுதானே? அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். அந்த மனிசன் ஒரு பனடோல் போடுறதெண்டாலும் டுபாயில இருக்கிற ரீம் டொக்டருக்கு மெசேச் போட்டுக் கேக்கிறவர். மூத்திரம் சோதிப்பாங்கள், ஏதும் பிழைச்சா ரெண்டு வருஷம் விளையாட விடமாட்டாங்கள் எண்டு பயம். போன வருஷம் தடிமனுக்கு மாமி கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க, அதையும் படம் எடுத்து அனுப்பினவர். கொத்தமல்லியை! அந்த டொக்டர் இது என்ன சூப்போ எண்டு கேட்டவராம். அப்பிடிப்பட்ட ஆள் ஊசி போட்டவராம்.

எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில தந்த கடுதாசியில அப்பிடித்தான் கிடக்கு. வாசிச்சுப் பாக்கலாம், மாமா வைச்சிருக்கிறார். ஆனா ஒருத்தரும் நம்பமாட்டினம். அது வயல்காரற்ற வருத்தமாம், டுபாயில விளையாடினவனுக்கு வராதாம். எலிக்கு ஆர் டுபாய், ஆர் வயல் எண்டு தெரியுமோ?

தை மாசக் கடைசியில மழை ஊத்தினது தெரியும்தானே. வெட்டு மெசின் மாமாவின்ர கீழ் வயலுக்குள்ள இறங்கின உடன புதைஞ்சு போச்சு. கையாலதான் வெட்டவேணும். கூலிக்கு ஆள் இல்லை. பிரதீபன் அண்ணை வந்து நாலு நாள்தான். அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிட்டார். மாமா, அவர், நான், என்ர கூட்டாளி ரூபன், இன்னும் ரெண்டு பேர். முழங்கால் அளவு தண்ணி. அதுக்குள்ள எலி மூத்திரம், மாட்டு மூத்திரம் எல்லாம்தான் கிடக்கும். அவருக்குப் புதுச் சப்பாத்து கடிச்சு ரெண்டு குதிக்காலும் தோல் உரிஞ்சு சிவப்பாக் கிடந்தது. இறங்காதேங்கோ அண்ணை எண்டனான். போடா, பிறந்ததே இந்தச் சேத்துக்குள்ளதான் எண்டார்.

பத்து நாள் ஒண்டுமில்லை. பிறகு காய்ச்சல். தலையிடி, கெண்டைக்கால் உழைவு. நாங்கள் எறிஞ்சு விளையாடின அலுப்பு எண்டு நினைச்சம். நாலாம் நாள் கண் ரெண்டும் மஞ்சளாப் போச்சு. மூத்திரம் இல்லை. வவுனியாவுக்குக் கொண்டு போனம். டொக்டர்மார் ஓடி ஓடிப் பாத்தவை. முதல் நாளே கொண்டு வந்திருக்கவேணும் எண்டு சொன்னவை. அடுத்த நாள் மத்தியானம் முடிஞ்சுது. ஒரு கிழமையில திரும்பிப் போக ரிக்கற் எடுத்து வைச்சிருந்தவர்.

என்ன கேட்டனீங்கள்? திருப்பிக் கேளுங்கோ.

தகப்பனும் அதே தண்ணிக்குள்ளதானே நிண்டவர், அவருக்கு ஏன் வரேல்லை எண்டோ?

இதைத்தான் எல்லாரும் கேக்கினம். மாமியிட்டையும் இதைத்தான் கேட்டவை. ஆறு பேர் இறங்கினது, அஞ்சு பேர் குத்துக்கல்லு மாதிரி இருக்கினம், உன்ர மகன் மட்டும் எப்பிடிச் செத்தவன், அப்ப அவன்ர உடம்புக்குள்ள முதலே என்னமோ இருந்திருக்கு எண்டு. சுப்பம்மாக்கா ஒப்பாரிக்கு நடுவில நிப்பாட்டிப்போட்டுக் கேட்டவா. மாமி இப்ப நம்பத் தொடங்கிட்டா. நேற்று அவற்ற பையைக் கொட்டிக் கிண்டினவா. ஊசி தேடினவா அண்ணை. பெத்த தாய் மகன்ர சொக்ஸுக்குள்ள கையை விட்டு ஊசி தேடினவா. பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டன், வாய் திறக்கேல்லை.

அதுக்குப் பதில் இருக்கு. என்னட்டை மட்டும்தான் இருக்கு.

போனை எடுங்கோ. ஓம், இப்ப எடுங்கோ. முகத்தை மறைக்கத் தேவையில்லை. பேரையும் போடுங்கோ. மாமி நான் நேர சொன்னாக் கேக்கமாட்டா, என்னைத் தன்ர பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறவா, அவாவைத் தேற்றக் கதை கட்டுறன் எண்டு நினைப்பா. போனில வந்தா நம்புவா. ஊசிக் கதையும் உங்கட போனோடதானே அவாவிட்டை வந்தது.

வெட்டின அண்டைக்குப் பதினொரு மணியிருக்கும். பிரதீபன் அண்ணை வாய்க்காலில கால் கழுவிப்போட்டு, புளியங்குளம் போறன், நிரஞ்சனுக்குக் குளோவ்ஸ் குடுக்கவேணும் எண்டார். டுபாயில இருந்து ஒரு சோடி கொண்டு வந்தவர், பந்து பிடிக்கிறவன் போடுறது, தோல். நான் எனக்கெண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு ஒரு ரீசேட் தந்தவர். ஏன் அண்ணை அவனுக்கு எண்டு கேட்டன். அவன் கொழும்புக்குச் செலக்சனுக்குப் போறான்டா, நீ பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டாய், உனக்கு என்னத்துக்கு எண்டார். ரூபனுக்கு முன்னால சொன்னவர். கோபத்தில சொல்லேல்லை. சும்மா, நேரம் என்ன எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னவர். அதுதான் சுட்டது.

அவர் மோட்டச்சைக்கிளில போய் அரை மணித்தியாலத்தில பி.எச்.ஐ. ஐயா வரம்புக்கு வந்தவர். ஓம், சுகாதாரப் பரிசோதகர். ஒவ்வொரு வெட்டுக்கும் வாறவர். தண்ணிக்குள்ள நிண்ட ஆக்களை வரிசையில விட்டு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் குளிசை குடுத்தவர், ஆளுக்கு ரெண்டு. மாமா விழுங்கினார். ரூபன் விழுங்கினான். நானும் விழுங்கினன். ஆறு பேர் எண்டியள், அஞ்சு பேர்தானே நிக்கிறியள் எண்டு கேட்டார். பிரதீபன் அண்ணை புளியங்குளம் போயிட்டார் எண்டன். அவற்ற காலில புண் இருக்கோ எண்டு கேட்டார். இருக்கு எண்டன்.

மாமா அப்ப மெசின்காரனோட கத்திக்கொண்டு நிண்டவர், கேக்கேல்லை.

பி.எச்.ஐ. ஐயா ரெண்டு குளிசையைக் கடுதாசித் துண்டில சுத்தி என்ர கையில வைச்சவர். இண்டைக்கே குடு தம்பி, சும்மா குடுத்துப்போட்டு வராதை, முன்னால நிண்டு விழுங்க வை, டுபாய் டொக்டரைக் கேக்கவேணும் எண்டு நிண்டா எனக்குப் போன் எடுத்துத் தா எண்டவர். நம்பரும் எழுதித் தந்தவர். அவரும் விழுங்கினவர் எண்டுதான் மாமாவும் மற்றவையும் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கினம்.

பின்னேரம் பிரதீபன் அண்ணை பந்து எறியக் கூப்பிட்டவர். கால் நோகுது எண்டு சொல்லிப்போட்டு வீட்டில படுத்திருந்தனான். அடுத்த நாளும் போகேல்லை. மூண்டாம் நாள் கோபம் போயிட்டுது, போனனான், பிடிச்சனான், நல்லாச் சிரிச்சுக் கதைச்சனாங்கள். அப்பவும் குளிசை காற்சட்டைப் பைக்குள்ளதான் கிடந்தது. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

நான் குடுக்கேல்லை.