ஏலக்காய் மூட்டையும் பின் சீட்டும்

பிள்ளைகளா, போடியில் மலையேறும் மெட்டு பஸ்சுக்கு நின்றபோது காதில் விழுந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கிளம்பிய ஒருவன் நின்றான். வழியனுப்ப வந்த புதுப் பெண்டாட்டி. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பட்டறையில் விட்டிருந்தான்.

"பின் சீட்டை எடுத்துட்டு, ஏலக்கா மூட்டைக்குக் கேரியர் வைக்கச் சொல்லிட்டேன்."

"அப்ப நான் மூட்டை மேலயா உக்கார்றது?"

"நீ எங்க புள்ள வர்ற?"

"மலைக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டும் வைக்கக் காசு பத்தாதே."

அவள் அவன் பையை அவன் கையில் திணித்தாள். பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

"வா, வெரசா பட்டறைக்குப் போவோம். மூட்டை ஜீப்புல வரட்டும். உனக்குச் சீட்டு. சேலை சக்கரத்துல சிக்காம கம்பி வலையும் வைக்கச் சொல்றேன்."

"வலைக்குப் பச்சைப் பெயிண்டு."

"சரி ஆத்தா!"

வீடு திரும்பியதும், யாரும் பார்க்காதபோது, உங்கள் அம்மா உட்கார என் சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துக் கட்டினேன்.