இரண்டாவது ட்ரே

தண்ணி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். டம்ளருக்குள்ள விரலை விட்டுத் தூக்கிட்டு வந்தீங்க, பார்த்தேன். உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. பெரிய பெரிய டாக்டருங்களே அப்படித்தான்.

ஆபரேஷன் தியேட்டர்ல நான் தலைமை நர்ஸ். குழந்தைங்களுக்குக் குடல் ஆபரேஷன் பண்ணா, குடலைத் தொட்ட கத்திரி, இடுக்கி எல்லாத்துலயும் மலத்துக் கிருமி ஒட்டியிருக்கும். அதை வச்சே வயித்தையும் தைச்சா, கக்கூஸ் துடைச்ச துணியால சாப்பாட்டுத் தட்டைத் துடைச்ச மாதிரி. அதனால தைக்கிறதுக்கு முன்னால எல்லாரும் கிளவுஸ் மாத்தணும், பழைய ட்ரே வெளியே போகணும், புது ட்ரே உள்ள வரணும். நான் கொண்டு வந்த சட்டம் அது. அதுக்கு முன்னாடி புண்ணுல சீழ் பிடிக்காத பிள்ளையே அபூர்வம். அப்புறம் ஒண்ணுக்குக்கூடப் பிடிக்கலை.

அதுதான் வினையாப் போச்சு. "நம்மகிட்டதான் சீழே பிடிக்கிறதில்லையே சிஸ்டர், இன்னும் எதுக்கு ரெண்டாவது ட்ரே?"ன்னு சர்ஜன் கேட்டார். நனையலையே, கூரை எதுக்குன்னு கேக்குற புத்தி. அவர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற மேனேஜர் அதுக்கும் ஆட்டினார். அடுத்த மாசத்துலேருந்து ஒரே ட்ரேன்னு முடிவாச்சு. நான் எவ்வளவோ சொன்னேன். படிச்ச மண்டைங்க, ஏறலை.

சொன்னாப் புரியாதவங்களுக்குக் காட்டத்தான் வேணும். ஒரே ஒரு பிள்ளை போதும்.

நோஞ்சானா எடுக்கலை, அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. திடமான பையன். வார்டுல எல்லாருக்கும் பட்டப்பேர் வைப்பான். எனக்கு 'சோப்பு அத்தை'. அவங்க அம்மா, "நீங்க உள்ள இருக்கீங்கல்ல அக்கா, அது போதும்"னாங்க. போய் ஏதாவது சாப்பிடும்மான்னு அனுப்பி வச்சேன்.

அந்த மாசம் இன்னும் முடியலை, ரெண்டு ட்ரே சட்டம்தான். குடல் வேலை முடிஞ்சதும் பழைய ட்ரேயை எடுத்துட்டுப் போனேன். ரத்தத்தைத் துடைச்சு, புதுத் துணி போர்த்தி, அதையே திரும்பக் கொண்டாந்தேன். "வழி விடுங்கப்பா, மாமியார் வர்றாங்க"ன்னார் சர்ஜன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தராவது ட்ரேயைப் பார்த்தாங்களா? பிரிக்காத ட்ரே ஒண்ணு அலமாரியில மிச்சம் இருந்ததைக் கண்டுபிடிச்சுட்டதா நீங்க பெருமைப்பட்டுக்கறீங்க. நான்தான் சார் விட்டு வச்சேன். சுத்தமான சாமானைத் தூக்கிப் போட மனசு வருமா?

நான் நெனச்சது கொஞ்சம் சீழ், கொஞ்சம் காய்ச்சல். ரத்தத்துல கலக்கும்னு நெனக்கலை. வீட்டுக்குக்கூடப் போகாம நானேதான் கட்டு மாத்தினேன். கடைசியில அவன் யாரையும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடலை. உயிர் போனதும் அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்களும் எவ்வளவோ பார்த்தீங்க அக்கா, எங்க நேரம்"னு அழுதாங்க. நானும் அழுதேன். நடிப்பில்லை.

இப்ப சர்ஜனே, "ட்ரே மாத்தியாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் ஊசியைத் தொடுறார். ஒருவழியா புத்தி வந்துடுச்சு.

என் சட்டம் வந்த நாள்லேருந்து எங்க தியேட்டர்ல ஒரு பிள்ளைக்கும் புண் சீழ் பிடிச்சதில்லை சார். எழுதிக்குங்க. அந்தப் பையனை இதுல சேர்க்காதீங்க. அது தொற்று இல்லை, நான் பண்ணது.